குணவதி பாவித்துப் பார்த்த ரப்லெட்

ஐம்பது வயதாகும் வரைக்கும் குணவதியிடம் யாரும் எதைப் பற்றியும் கருத்துக் கேட்டதில்லை. கலியாணம் பேசியபோது கேட்கவில்லை. ரொறன்ரோவுக்கு விமானம் ஏற்றியபோது கேட்கவில்லை. வந்து எட்டாவது வருடம் கணவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகு, மார்க்கம் நகரில் அண்ணன் வீட்டு பேஸ்மென்டில் அவளுக்கு ஓர் அறை ஒதுக்கினார்களே, அப்போதும் கேட்கவில்லை. எல்லாம் நல்ல மனதோடு செய்யப்பட்டவைதான். "அவளுக்கு என்ன தெரியும், பாவம்" என்பாள் அண்ணி. அதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. கறிக்கு உப்புக் காணாது என்கிற மாதிரி, உள்ளதைச் சொல்வது.

ஏழாம் வகுப்போடு நின்றவள் அவள். ஊரில் போர் வந்து குடும்பத்தோடு வீட்டை விட்டு ஓடியபோது அவர்கள் தங்கியது ஒரு பள்ளிக்கூடத்தில். அங்கே இருந்த இரண்டு மாதமும் வகுப்பறை மூலையில் அடுப்பு மூட்டியதுதான் அவள் செய்த வேலை. திரும்பிப் போனபோது தாய் படுக்கையில் விழுந்தாள். அதோடு படிப்பு முடிந்தது. தமிழ் நன்றாக வாசிப்பாள், எழுதுவாள். ஆங்கிலம் பஸ் பலகைக்கும் மருந்துப் போத்தலுக்கும் போதுமான அளவு.

இப்போது கிழமையில் ஐந்து நாள் ஷெப்பர்ட் வீதியில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் நின்று றோல்ஸ் சுற்றுகிறாள். புதன்கிழமை ஓய்வு. அந்த ஓய்வு நாளில் பஸ் எடுத்து அஜின்கோர்ட்டில் உள்ள சமூக நிலையத்துக்குப் போய், அங்கே கூடும் தமிழ் மூத்தோர் மன்றத்துக்குத் தேநீர் போட்டுக் கொடுப்பாள். அங்கத்தவர் நாற்பது பேர். யாருக்கு எத்தனை சீனி, யாருடைய கை நடுங்குகிறது, யார் மருமகளோடு கோபித்துக்கொண்டு காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறார், எல்லாம் அவளுக்குத் தெரியும். கதைக்க மாட்டாள். சாப்பிடாமல் வந்தவருடைய கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு றோல் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

மன்றத்தின் செயலாளர் வாகீசன். நாற்பத்தைந்து வயது. வீடு வாங்கி விற்கும் தொழில். சிரித்த முகமும் தொலைபேசி இலக்கமுமாக அவருடைய படம் பஸ் தரிப்பிடங்களில் ஆட்கள் உட்காரும் வாங்குகளில் ஒட்டப்பட்டிருக்கும். ஒரு புதன்கிழமை அவர் தேநீர் மேசைக்கு வந்தார்.

"குணவதி அக்கா, ஒரு சின்ன உதவி. எங்கடை ஆக்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு ரப்லெட் வாங்கிக் குடுக்க அரசாங்கத்திட்டை காசு கேட்டிருக்கிறம். படம் பாக்கலாம், பிள்ளையளோடை கதைக்கலாம். பெரிய போன் மாதிரித்தான். அதுக்கு முதல் ஆராவது ஒராள் ஒரு மாதம் பாவிச்சுப் பாத்து, எப்பிடி இருக்கெண்டு சொல்லோணுமாம்."

"என்னட்டையோ?" என்றாள் குணவதி.

"ஓம். உங்களுக்கு விளங்கினா இஞ்சை எல்லாருக்கும் விளங்கும்."

பக்கத்தில் நின்ற இராசரத்தினம் அங்கிள் சிரித்தார். எண்பத்திரண்டு வயது, கை நடுங்குகிறவர்களில் முதலாமவர். "பிள்ளை, வடிவாப் பாத்துச் சொல்லு. இவர் தன்ரை மூஞ்சியை வாங்கிலை ஒட்டிப்போட்டு எங்களை அதுக்கு மேலை குந்தவிட்ட ஆள். இப்ப என்னத்தை எங்கடை மடியிலை வைக்கப் போறாரோ தெரியாது."

"அங்கிளுக்கு எப்பவும் பகிடிதான்" என்று சொல்லிவிட்டு வாகீசன் பெட்டியைக் கொடுத்தார். அவர் சொன்ன காரணத்தில் இருந்த குத்து குணவதிக்கு விளங்காமல் இல்லை. விளங்கியது. ஆனால் அதற்குப் பின்னால் 'எப்படி இருக்கு என்று சொல்லுங்கோ' என்று ஒன்று இருந்தது. பஸ்ஸில் போகும்போது பெட்டியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள்.

அன்று மாலை கையைச் சவர்க்காரம் போட்டு இரண்டு முறை கழுவினாள். றோல்ஸ் எண்ணெய் இலேசில் போகாது. அண்ணன் மகள் நிலாணி, பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம், கீழே வந்து அதைத் திறந்து கொடுத்தாள். பதினொரு அங்குலத் திரை. சாம்பல் நிறம். பின்பக்கம் தகடு, குளிர்ந்திருந்தது.

"மாமி, இது மிட் ரேஞ்ச். பெரிசா எதிர்பாக்காதேங்கோ. யூரியூப் பாக்க, வீடியோ கோல் எடுக்க ஓகே."

"உதெல்லாம் நான்தான் பாத்துச் சொல்லோணும்" என்றாள் குணவதி. நிலாணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். மாமி இப்படிக் கதைத்து அவள் கேட்டதில்லை.

அந்த ஒரு மாதமும் குணவதி ஒரு கொப்பியில் எழுதினாள். தனக்காக அதைப் பாவிக்கவில்லை. ஒரு நாள் இராசரத்தினம் அங்கிளாக இருந்து பாவித்தாள்: கையை வேண்டுமென்றே நடுங்கவிட்டு, தொட வேண்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றைத் தொட மற்றது திறந்தது. எழுத்தையும் படங்களையும் பெருப்பிக்கும் வழியைத் தேடிப் பிடித்துப் பெருப்பித்த பிறகு தவறவில்லை. ஒரு நாள் அண்ணனுடைய மூக்குக்கண்ணாடியைப் போட்டு, கண் மங்கலானவர்களுக்கு எப்படித் தெரியும் என்று பார்த்தாள். மரண அறிவித்தல்களை வாசித்தாள். அந்த மன்றத்தில் காலையில் எழும்பியதும் மரண அறிவித்தல் பார்க்காத ஆள் ஒருவரும் இல்லை. பழைய படங்கள் பார்த்தாள். நிறம் நன்றாக இருந்தது. சத்தம் இரண்டு பக்கத்தாலும் வந்தது. ஆனால் குறுக்காகப் பிடித்தால் உள்ளங்கை ஒரு பக்கத்தை மூடியது. அரை மணித்தியாலத்துக்கு மேல் கையில் வைத்திருந்தால் மணிக்கட்டு நொந்தது. குழல் விளக்குக்குக் கீழே இருந்தால் திரையில் விளக்குத்தான் தெரிந்தது. வீடியோ அழைப்பில் கமெரா பக்கவாட்டில் இருந்தபடியால், கதைக்கிறவர் வேறெங்கோ பார்த்துக் கதைக்கிற மாதிரி மற்றப் பக்கத்தில் தெரிந்தது. ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் இரண்டு நாள் கிடந்தது. அது நல்லது. ஆனால் ஏறி முடிய நாலு மணித்தியாலம் பிடித்தது.

வெறும் வேலையாகவும் அது இருக்கவில்லை. கடையில் நின்று வீங்கிய காலை முக்காலியில் நீட்டி, மடியில் தலையணை வைத்து, அதன்மேல் ரப்லெட்டை வைத்துக்கொண்டு இருக்கிற நேரங்கள் அவளுக்குப் பிடித்திருந்தன. மேலே அண்ணன் குடும்பம் பெரிய தொலைக்காட்சியில் என்ன பார்ப்பது என்று பேச்சுப்படும் சத்தம் கேட்கும். கீழே அவள் தான் நினைத்ததைப் பார்த்தாள். கடலுக்கு அடியில் மீன்கள் போவதை ஒரு நாள் ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கொப்பியில் எழுதவில்லை.

மூன்றாவது கிழமைதான் பிழை தெரிந்தது. மன்றத்து ஆட்கள் செய்கிற மாதிரி, காலை வணக்கப் படம், சாமிப் படம், வைத்தியக் குறிப்பு என்று வருகிற வீடியோ எல்லாவற்றையும் அழிக்காமல் விட்டிருந்தாள். ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது வரும். ஒரு வெள்ளிக்கிழமை கோயில் திருவிழா நேரடி ஒளிபரப்பைப் போட்டுவிட்டுச் சமைத்துக்கொண்டிருந்தபோது சத்தம் நின்றது. போய்ப் பார்த்தால் படம் அப்படியே விறைத்துப் போய் நின்றது. பிறகு எல்லாம் மூடப்பட்டு முதல் பக்கம் வந்தது. பின்பக்கத் தகடு சுட்டது. அடுத்த நாள் நிலாணியோடு வீடியோ அழைப்பு எடுத்து, சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிடம். மூன்றாம் நாளும் நாற்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையில். வீடியோக்களை எல்லாம் அழித்துவிட்டுப் பார்த்தாள். இரண்டு மணித்தியாலம் ஓடியது.

கொப்பியில் கடைசியாக எழுதினாள்: 'புதிதில் நன்றாக ஓடும். வீடியோக்கள் சேர்ந்து நிறைய நிறைய, நேரடியாகப் பார்க்கும்போது நாற்பது நிமிடத்தில் நின்றுவிடும். வயதானவர்களுக்கு அழிக்கத் தெரியாது. நின்றால் திரும்ப எடுக்கவும் தெரியாது. அதிகம் கொள்ளக்கூடிய ரப்லெட் வாங்குவது நல்லது. இதைத்தான் வாங்குவதென்றால் கிழமைக்கு ஒரு தடவை யாராவது வீடியோக்களை அழித்துத் துடைத்துக் கொடுக்க வேண்டும்.' பதினொரு பக்கம் வந்தது. பிழை இருக்கக்கூடாது என்று இரண்டு தரம் வாசித்தாள்.

மாத முடிவில் வாகீசன் கொப்பியை வாங்கி விரலால் தட்டிப் பார்த்தார். "அக்கா, எழுத்து நல்ல வடிவா இருக்கு" என்றார். "அரசாங்கத்துக்கு இங்கிலீசிலைதான் குடுக்கோணும். நான் சுருக்கி எழுதி வைச்சிருக்கிறன். இதிலை ஒரு கையெழுத்து." கையில் ஒரு தாள் வைத்திருந்தார்.

குணவதி தாளைப் பார்த்தாள். ஆறேழு வரிகள். பதினொரு பக்கம் எப்படி ஆறேழு வரிக்குள் போகும் என்று நினைத்தாள். கொப்பியைத் திறந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் எப்படிச் சுருக்கியிருப்பார் என்றும் நினைத்தாள். வாசித்துக் காட்டச் சொல்ல வாய்வரைக்கும் வந்தது. பின்னால் தலைவரும் இன்னும் இரண்டு பேரும் நின்றார்கள். தனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று அத்தனை பேருக்கு முன்னால் சொல்ல வேண்டுமே.

"எல்லாம் எழுதியிருக்குத்தானே, தம்பி?" என்றாள்.

"முக்கியமானது எல்லாம் இருக்கு அக்கா."

வைத்தாள். கையெழுத்து விழுந்த தாளை மடித்துக்கொண்டு வாகீசன் கொப்பியைத் திருப்பிக் கொடுத்தார். "இது உங்களிட்டையே இருக்கட்டும்."

பிறகு சீனி எடுக்கக் களஞ்சிய அறைக்குப் போனபோது, கதிரைகளுக்குப் பின்னால் பெட்டிகள் அடுக்கியிருந்ததைக் கண்டாள். அதே படம் போட்ட பெட்டிகள். வெளிப் பெட்டியில் ஒட்டியிருந்த திகதி, அவளுக்கு அந்த ரப்லெட்டைக் கொடுத்ததற்கு அடுத்த கிழமைத் திகதி. அவள் மூக்குக்கண்ணாடி போட்டு மரண அறிவித்தல் வாசித்துக்கொண்டிருந்த நாட்களில் இவை இங்கே வந்து கிடந்திருக்கின்றன. குணவதி சீனிப் பையை எடுத்துக்கொண்டு வந்து தேநீர் போட்டாள். எல்லாருக்கும் சரியான அளவு சீனி போட்டாள்.

மன்றத்தின் மாதச் செய்திமடலில் அவளுடைய படம் வந்தது. ரப்லெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பெட்டியில் வைத்த பொம்மை மாதிரி நின்றாள். கீழே தமிழில் போட்டிருந்தார்கள்: 'ஒரு மாதம் பாவித்துப் பார்த்த திருமதி குணவதி, பொழுதுபோக்குக்கும் அன்றாடப் பாவனைக்கும் மிகச் சிறந்தது என்கிறார்.'

எங்கள் ஆட்களுக்கு இது போதும். கடைக்காரன் சொன்னால் நம்ப மாட்டார்கள்; விளம்பரத்தை நம்பவே மாட்டார்கள். தெரிந்த ஒருவர் பாவித்துப் பார்த்து நல்லது என்றால், குளிரூட்டியில் இருந்து மருமகள் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்கள். குணவதி வாய் திறக்காதவள், பொய் சொல்லத் தெரியாதவள். ஆகவே அவள் சொன்னது இன்னும் பாரமாக இருந்தது. "குணவதியே நல்லதெண்டு சொல்லிப்போட்டாள்" என்று ஆளுக்காள் சொல்லிக்கொண்டார்கள். ரப்லெட் ஆளுக்கொன்றாகக் கைக்கு வந்ததும், சிலர் வீட்டில் கிடந்த பழைய கணினியை அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். "மதிப்பீட்டாளர் அம்மா, எனக்கொரு தேத்தண்ணி" என்று இராசரத்தினம் அங்கிள் பகிடி பண்ணினார்.

அவள் அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, புதன்கிழமைகளில் தேநீர் கொடுத்து முடிந்ததும் ஒவ்வொருவருடைய ரப்லெட்டையும் கேட்டு வாங்கி, மேசைக்குப் பின்னால் இருந்து வீடியோக்களை அழித்துக் கொடுத்தாள். பதினைந்து, இருபது பேருக்கு. இப்படிச் செய்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாமல் போய்விடும் என்று நினைத்தாள்.

அருள்மலர் ரீச்சர் அந்த நாட்களில் மன்றத்துக்கு வரவில்லை. எழுபத்து நாலு வயது. ஊரில் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்தவர். முழங்கால் சத்திரசிகிச்சை முடித்து, தனியாக ஒரு முதியோர் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருந்தார். குணவதியை 'நீர்' போட்டுக் கதைக்கிற ஒரே ஆள். மற்ற மூத்தவர்கள் 'பிள்ளை' என்பார்கள், அல்லது பெயரே சொல்லாமல் கோப்பையை நீட்டுவார்கள்.

மாசி மாதத்தில் ரீச்சரின் தங்கை இலண்டனில் இறந்துபோனார். ரீச்சருக்கு விமானம் ஏற முடியாது. செத்தவீட்டை வீடியோ அழைப்பில் பார்ப்பதென்று முடிவாயிற்று. மன்றம் வீட்டுக்கு அனுப்பிய ரப்லெட்டை நம்பி, அவரும் தன் பழைய கணினியைக் கொடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

இதெல்லாம் குணவதிக்குத் தெரியவந்தது அதற்குப் பிந்திய மூன்றாவது புதன்கிழமை. பொல்லை ஊன்றிக்கொண்டு ரீச்சர் வந்தார். துக்கம் விசாரித்தவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். குணவதி தேநீரைக் கொண்டுபோய் வைத்தாள்.

"குணவதி, நீர் இதை ஒரு மாதம் பாவிச்சுப் பாத்தனீரெல்லே?" என்று கேட்டார் ரீச்சர். குரல் உயரவில்லை.

"ஓம், ரீச்சர்."

"காலமை எட்டு மணிக்குக் கிரியை தொடங்கினது. எல்லாம் வடிவாத் தெரிஞ்சது. ஐயர் சொல்லச் சொல்ல நானும் இஞ்சை இருந்து செய்தனான். வாய்க்கரிசி போடேக்கை நானும் போடுவம் எண்டு கையிலை அரிசி வைச்சுக்கொண்டிருந்தன். தங்கச்சியின்ரை மூத்தவள் போட்டாள். மற்றவள் குனியிறாள், அப்பிடியே நிண்டுபோச்சு. நான் நினைச்சன், அழுதுகொண்டு குனிஞ்சு நிக்கிறாளாக்கும் எண்டு. கையை நீட்டிக்கொண்டு பாத்துக்கொண்டிருக்கிறன். பிறகு எல்லாம் மூடுபட்டுது."

ரீச்சர் பொல்லைக் கதிரையில் சாய்த்து வைத்தார்.

"பக்கத்து வீட்டுச் சீனத்தியைக் கூப்பிட்டு அவ திரும்ப எடுத்துத் தாறதுக்கிடையிலை பெட்டியை மூடி எரிக்கக் கொண்டு போயிட்டினம். பேரன் போனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டதுதான். ஒருத்தரும் பதிஞ்சு வைக்கேல்லை." ரீச்சர் தேநீரைத் தொடவில்லை. "நீர் சொன்னீரெண்டுதான் நான் பழைய கணினியைக் குடுத்தனான். வேற ஆர் சொல்லியிருந்தாலும் குடுத்திருக்க மாட்டன்."

வாகீசன் எட்டத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கைத்தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். குணவதி அவர் போவதைப் பார்த்தாள். பிறகு கோப்பைகளைச் சேர்க்கத் தொடங்கினாள். அன்று யாரும் அவளிடம் ரப்லெட்டைத் துடைக்கக் கொடுக்கவில்லை.

அவளுக்கு என்று இருந்தது ஒன்றே ஒன்று. குணவதி சொன்னால் அப்படித்தான் இருக்கும் என்கிற ஒரு சொல். அது அவளுக்குத் தெரியாமலே சேர்ந்திருந்தது. போன பிறகுதான் இருந்தது என்று தெரிந்தது.

சனிக்கிழமை கடையில் நேரத்தோடு போகக் கேட்டுக்கொண்டு, கொப்பியையும் எடுத்து, ரீச்சரின் வீட்டுக்குப் போனாள். ஒன்பதாம் மாடியில் கதவு திறக்க நேரம் எடுத்தது. ரீச்சர் உள்ளே வரச் சொன்னார். உட்காரச் சொல்லவில்லை. ரப்லெட் சாப்பாட்டு மேசையில் குப்புறக் கிடந்தது.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை, ரீச்சர்" என்றாள் குணவதி. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த மற்ற வசனங்கள் வரவில்லை. கொப்பியை நீட்டினாள்.

ரீச்சர் கண்ணாடி போட்டு வாசித்தார். ஒரு பக்கமும் விடவில்லை. பரீட்சைத் தாள் பார்க்கிறவர் போல வரிக்குக் கீழே விரல் வைத்து வாசித்தார். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது. நாற்பது நிமிடம் என்று எழுதியிருந்த வரியை இரண்டாம் முறையும் வாசித்தார் என்று குணவதிக்குத் தெரிந்தது. வெளியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் சூடாக்கி உறுமுகிற சத்தம் மட்டும்.

"நல்லாப் பாத்திருக்கிறீர்" என்றார் ரீச்சர். குணவதிக்கு மூச்சு வந்தது.

"எல்லாம் தெரிஞ்சிருக்கு உமக்கு" என்றார் மறுபடி. இந்த முறை குரல் வேறாக இருந்தது. "அப்ப ஏன் கையெழுத்து வைச்சனீர்?"

"அது இங்கிலீசிலை இருந்தது, ரீச்சர். வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேக்க எனக்கு வெக்கமா இருந்தது."

"வெக்கம்."

"ஓம்."

"பிறகு படத்தோடை தமிழிலை போட்டவங்கள். அது வாசிச்சனீர்தானே?"

குணவதி நிலத்தைப் பார்த்தாள்.

"ஊரிலை உள்ள எல்லாற்றை ரப்லெட்டையும் துடைச்சுக் குடுத்தனீராம். எனக்கு ஒரு கோல் எடுத்து, 'ரீச்சர், உது நிக்கும், கவனம்' எண்டு சொல்ல ஏலாமப் போச்சோ?"

பொய் சொல்லாதவள் என்று ஊருக்குப் பெயர் எடுத்தவள். அந்த இடத்திலும் பொய் வரவில்லை. "செத்தவீடெண்டு எனக்குத் தெரியாது, ரீச்சர். ஆனா நீங்க வரேல்லை எண்டு தெரியும். உங்கடையும் நிறைஞ்சு போயிருக்குமெண்டும் தெரியும். எடுக்கத்தான் யோசிச்சனான். எடுத்தா எல்லாம் சொல்லவேண்டி வருமெண்டு விட்டிட்டன்."

ரீச்சர் கொப்பியை மூடிக் கையில் கொடுத்தார். கத்தவில்லை, அழவில்லை. "சரி, போட்டு வாரும். பனி கூடப் போகுது" என்றார். கதவு வரைக்கும் வந்தார். குணவதி சப்பாத்துக் கயிறு கட்டி முடியும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சித்திரை பிறந்து இரண்டாவது புதன்கிழமை வாகீசன் மறுபடியும் ஒரு தாளோடு வந்தார். "அக்கா, ஆறு மாத அறிக்கை. குடுத்த ரப்லெட்டெல்லாம் நல்லாப் பயன்படுது எண்டு. அதே இடத்திலைதான் கையெழுத்து."

குணவதி கையைத் துணியில் துடைத்தாள். அருள்மலர் ரீச்சர் யன்னலோரக் கதிரையில், அவளுக்கு முதுகு காட்டி இருந்தார். சுற்றி ஏழெட்டுப் பேர் தேநீருக்கு நின்றார்கள்.

"எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, தம்பி. தமிழிலை வாசிச்சுக் காட்டுங்கோ" என்றாள்.

நின்றவர்களில் இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள். வாகீசன் சிரித்தார். பஸ் தரிப்பிட வாங்கில் உள்ள அதே சிரிப்பு. "என்ன அக்கா, புதுசா? முந்தினது மாதிரித்தான்."

"முந்தினதையும் நான் வாசிக்கேல்லை. அதிலை போட்டது நான் சொன்னதில்லை. இது நாற்பது நிமிசத்திலை நிக்கும். அப்பவே எழுதித் தந்தனான். அதைப் போடுங்கோ, கையெழுத்து வைக்கிறன்."

அது ரீச்சருடைய கதிரை வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். ரீச்சர் திரும்பவில்லை.

"இப்ப போய் அப்பிடி எழுதினா அடுத்த முறை ஒண்டும் தரமாட்டினம், அக்கா. இவ்வளவு ஆக்களுக்கும் நட்டம்." வாகீசன் பொறுமையாகச் சொன்னார். பிறகு தாளைத் தூக்கிக்கொண்டு இரண்டு மேசை தள்ளிப் போனார். "அங்கிள், ஒரு கையெழுத்து."

"எங்கை?" என்றார் இராசரத்தினம் அங்கிள். கண்ணாடி நெற்றியில் இருந்தது. அதை இறக்கக்கூட இல்லை. பேனையைப் பிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கை நடுக்கத்தில் கையெழுத்து வரியைத் தாண்டிப் போயிற்று. வாகீசன் தாளை ஊதிக் காயவைத்து மடித்தார். எல்லாமாக இரண்டு நிமிடம் இருக்கும். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

போகிற வழியில் மேசைக்குப் பக்கத்தில் நின்று, மெதுவாக, மரியாதையாகச் சொன்னார்: "அக்கா, அடுத்த கிழமையிலிருந்து தேத்தண்ணிக்கு வேற ஒராள் வாறா. நீங்களும் எவ்வளவு காலம் ஓடித் திரியிறது, கொஞ்சம் ஆறுங்கோ. உங்களிட்டை இருக்கிற ரப்லெட்டையும் ஒருக்கா குடுத்துவிடுங்கோ. நீங்க அங்கத்தவர் இல்லைத்தானே, கேட்டா நான் பதில் சொல்லோணும்."

"சரி, தம்பி" என்றாள் குணவதி. கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். கொதிகலனை நிறுத்தி, மிச்சத் தண்ணீரை ஊற்றி, உள்ளே துடைத்தாள். அவள் கோட்டைப் போடும்போது அருள்மலர் ரீச்சர் புதிய அங்கத்தவர் ஒருவருக்கு முழங்கால் பயிற்சி சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை பேஸ்மென்டில் அவள் ரப்லெட்டில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தாள். தோய்த்த உடுப்பை எடுக்கக் கீழே வந்த நிலாணி பார்த்தாள்.

"என்ன மாமி செய்யிறீங்க? குடுக்கப் போறீங்களா? அப்ப ஒவ்வொண்டா டிலீட் பண்ணத் தேவையில்லை. ரீசெட் பண்ணினா எல்லாம் போயிரும். தாங்கோ."

குணவதி கொடுத்தாள். நிலாணி நின்றபடியே நாலைந்து இடத்தில் தட்டினாள். திரை கறுத்தது, பிறகு வெளிச்சமானது, கடையில் வாங்கிய அன்று போல வணக்கம் சொன்னது.

"வேற யாருக்கோ குடுக்கப் போகினமா இதை?"

"ஓம் போலை."

"அப்ப அவங்களுக்குச் சொல்லிவிடுங்கோ மாமி, இது நடுவிலை ஃப்ரீஸ் ஆகும் எண்டு. பாவம், தெரியாம இருப்பினம்."

"சொன்னனான்" என்றாள் குணவதி.

நிலாணி தோய்த்த உடுப்புக் கூடையைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள். குணவதி ரப்லெட்டைப் பெட்டிக்குள் வைத்தாள். சார்ஜர் வயரைச் சுற்றி அதற்குரிய பள்ளத்தில் வைத்தாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. எடுத்துத் திரும்ப வைத்து, இரண்டு கையாலும் அமத்தி மூடினாள்.